இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒரு மாம்பழம்

சென்ற ஆண்டு மாம்பழப் பருவத்தில், கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறிய அளவில் மாம்பழக்கூழும் ஜாமும் தயாரித்து விற்கும் அக்கா ஒருவர், மாங்கனிக் கண்காட்சியில் தாம் எடுத்திருந்த கடையின் திரையில் ஓடவிடுவதற்காக 30 நொடி விளம்பரம் ஒன்று கேட்டார். அதில் 18 நொடியை மோஷன் கிராஃபிக்ஸாகவும் (கணினியில் வரைந்த வடிவங்களை மென்பொருளால் அசைப்பது), 12 நொடியை ஸ்டாப் மோஷனாகவும் (உண்மைப் பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் புகைப்படம் எடுத்துத் தொடராக ஓட்டுவது) செய்யலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். முதல் பகுதி ஒன்றரை நாளில் முடிந்தது. இரண்டாவது பகுதிக்கு ஐந்து நாட்கள் ஆயின. அவற்றில் மூன்று நாட்கள் படம் பிடிப்பதற்கு மட்டுமே போயின. ஒரே பொருளுக்காக ஒரே வாரத்தில் இரண்டு முறைகளிலும் கைவைத்ததால், இவற்றின் தொழில்நுட்ப இயல்புகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எழுதி வைக்காவிட்டால் அடுத்த பருவத்திற்குள் மறந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள்: ஒன்று வழவழப்பாக, துல்லியமாக, கணினித்தனமாக இருக்கிறது, மற்றொன்று கைவேலையின் சொரசொரப்போடு, உயிரோட்டமாக இருக்கிறது. இது தவறான பேச்சு இல்லை. ஆனால் விளைவை மட்டும் சொல்லிக் காரணத்தை விட்டுவிடுகிறது. என் பார்வையில் இவை இரண்டும் பிரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு ஃபிரேமுக்கும், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப்படத்துக்கும், அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டால், மோஷன் கிராஃபிக்ஸில் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டாப் மோஷனில் அங்கே என் கை, ஒரு வாய்த் தண்ணீர், மின்வெட்டு, சில நேரம் ஒரு முழு இரவு இருக்கிறது. வேகம், மங்கல், ஒளி, திருத்தம் என்று நாம் தனித்தனியாகப் பேசுகிற வேறுபாடுகள் அத்தனையும் அந்த இடைவெளியிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஸ்டாப் மோஷன் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு 12 புகைப்படங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி வைப்பார்கள். ஆகவே என் 12 நொடிக்கு 144 புகைப்படங்கள் தேவைப்பட்டன. 18 நொடி மோஷன் கிராஃபிக்ஸில் மொத்தம் 432 ஃபிரேம்கள். அவற்றில் நான் கையால் நிர்ணயித்த கீஃபிரேம்கள் எழுபதோ எண்பதோதான் இருக்கும். மற்றவற்றை மென்பொருள் நிரப்பியது.

நிரப்பும் அந்த வேலையைத்தான் மோஷன் கிராஃபிக்ஸின் அடித்தளம் என்று சொல்ல வேண்டும். ஒரு பொருள் இங்கே தொடங்கி அங்கே முடிய வேண்டும் என்று இரண்டு கீஃபிரேம்கள் வைத்தால், இடையிலுள்ள ஒவ்வொரு கணத்திலும் அது எங்கே இருக்கும் என்பதை ஒரு வளைகோடு சொல்கிறது. வளைகோட்டை நேர்கோடாக விட்டால் பொருள் தொடங்கியதிலிருந்து முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடி, சுவரில் மோதியதுபோல் நிற்கும். நுனிகளை வளைத்துவிட்டால் மெல்லப் புறப்பட்டு மெல்ல அடங்கும். இந்தத் துறைக்குப் பெயர் வந்த கதையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. 1958-இல் வெளிவந்த 'வெர்டிகோ' படத்தின் தலைப்புக் காட்சியில் சுழலும் சுருள்களை உருவாக்க, ஜான் விட்னி இரண்டாம் உலகப் போர்க்கால விமான எதிர்ப்புப் பீரங்கியின் இயக்குங்கருவியைப் பயன்படுத்தினார். பறக்கும் விமானம் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணக்கிடுவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. அவரே 1960-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு மோஷன் கிராஃபிக்ஸ் என்று பெயரிட்டார். பொருள் இன்னும் போய்ச் சேராத இடத்தை முன்கூட்டியே கணக்கிடுவதுதான் அந்தப் பீரங்கிக் கருவியின் வேலை. இன்று ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் வளைகோட்டை இழுக்கும்போது நான் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

ஸ்டாப் மோஷனில் வளைகோடு என் தலைக்குள்ளும் மேசை மேல் நான் வைத்த பென்சில் புள்ளிகளிலும்தான் இருந்தது. ஒரு செந்தூரா பழம் 60 சென்டிமீட்டர் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு நொடியில் உருள வேண்டும். அதாவது 24 புகைப்படங்கள். முதல் படத்துக்கு 3 மில்லிமீட்டர், அடுத்து 7, அடுத்து 14, பிறகு 25, நடுவில் 40 வரை ஏறி, முடிவை நெருங்கும்போது அதே வரிசையில் இறங்க வேண்டும். இதோடு விட்டால் பழம் பனிக்கட்டி மேல் சறுக்குவதுபோல் தெரியும். நகர்கிற அளவுக்கு ஏற்பச் சுழலவும் வேண்டும். என் பழத்தின் சுற்றளவு சுமார் 25 சென்டிமீட்டர். எனவே 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் முழுச் சுற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 36 பாகை திருப்ப வேண்டும். மோஷன் கிராஃபிக்ஸ் பகுதியிலும் வரைந்த மாம்பழம் ஒன்று உருள்கிறது. அங்கே நகர்ந்த தூரத்தைச் சுற்றளவால் வகுத்து 360-ஆல் பெருக்கும் ஒற்றை வரிச் சமன்பாட்டைச் சுழற்சி அளவில் எழுதினேன். அதன்பின் பழத்தை எப்படி இழுத்தாலும் அது சரியாக உருண்டது. இங்கேயோ பழத்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் பேனாவால் பத்துக் கோடுகள் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டை மேசையோடு பொருத்தினேன். உருள உருளப் பின்புறம் முன்புறமாகும் என்பது மூன்றாவது படத்தில்தான் எனக்கு உறைத்தது. கோடுகளைத் துடைத்துவிட்டுக் காம்பின் வடுவை ஒட்டிய சிறு வட்டத்தில் மட்டும் குறி வைத்துக்கொண்டேன்.

பழம் என்பது பிளாஸ்டிக் பொம்மை இல்லை என்பதையும் அந்த மூன்று நாட்களில் கற்றுக்கொண்டேன். முதல் நாள் மாலை வரை 61 படங்கள் எடுத்துவிட்டு, பழத்தை அசைக்காமல் அப்படியே மேசையில் விட்டுப் போனேன். மறுநாள் காலை 62-ஆவது படத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, உருண்டு வந்த பழம் பாதி வழியில் திடீரென்று மஞ்சள் பூத்தது. பகல் முழுவதும் அது பழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் படத்துக்குப் படம் நான்கைந்து நிமிட இடைவெளியே இருந்ததால் மாற்றம் கண்ணில் படவில்லை. 61-க்கும் 62-க்கும் நடுவே கடந்துபோன பன்னிரண்டு மணி நேரம் திரையில் ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதால் அது மறைக்க இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது. நிறத்திருத்தத்தால் மஞ்சளைக் குறைக்கலாம் என்று முயன்றேன். மேசை விரிப்பும் சேர்ந்து வெளிறியது. கடைசியில் அந்த ஷாட்டை முதலிலிருந்து எடுத்து ஒரே பகலில் முடித்தேன். காட்சியின் வெட்டு எங்கே வருகிறதோ அங்கேதான் வேலையை நிறுத்தலாம், ஷாட்டின் நடுவில் இரவைக் கடக்கவிடக்கூடாது என்பதை அதற்குப் பிறகு விதியாக வைத்துக்கொண்டேன்.

களிமண் கிளியின் சிக்கல் வேறு. பழத்தைக் கொத்த வருவதற்காக எண்ணெய் கலந்த மாடலிங் களிமண்ணில் ஒரு கிளி செய்திருந்தேன். இந்தக் களிமண் உலர்ந்து வெடிக்காது, ஆனால் சூட்டில் இளகும். காகித இலைகள் அசையும் என்பதால் மின்விசிறியை அணைத்திருந்தேன்; மே மாத மாடி அறை எப்படி இருக்கும் என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கிளி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. உள்ளே அலுமினியக் கம்பியை முறுக்கி வைத்திருந்தும் கழுத்தின் களிமண் தன் எடையால் இறங்கிவிட்டது. ஈர்ப்பு விசை எல்லா நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும் ஓர் உலகத்தில்தான் ஸ்டாப் மோஷன் நடக்கிறது. மோஷன் கிராஃபிக்ஸில் ஈர்ப்பு நாம் சேர்த்தால்தான் உண்டு. அங்கே எதுவும் தானாக விழாது. அதனால்தான் துள்ளி நிற்கும் எழுத்துகள் பல விளம்பரங்களில் எடையே இல்லாமல் துள்ளுகின்றன.

மங்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான திரைப்படக் கேமராவில் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 48-இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை வீசினால் கை மங்கலான கோடாகப் பதியும். நம் கண் அந்த மங்கலை வேகம் என்று படித்துக்கொள்கிறது. ஸ்டாப் மோஷனில் ஷட்டர் திறந்திருக்கும்போது பொருள் அசைவதே இல்லை. எனவே ஒவ்வொரு படமும் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும்; வேகம் கூடும்போது பொருள் ஓடுவதற்குப் பதிலாக இடம்விட்டு இடம் தாவுவதுபோல் தெரியும். என் பழம் நடுவில் 40 மில்லிமீட்டர் நகர்ந்த இடத்தில் இந்தத் தாவல் நன்றாகவே தெரிகிறது. இக்குறையைப் போக்கத்தான் 1981-இல் வெளிவந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தில், டிராகன் பொம்மையைக் கணினி இயக்கும் மோட்டார்களோடு இணைத்து, ஷட்டர் திறந்திருக்கும்போதே அதைச் சற்று நகரவைத்தார்கள். கோ மோஷன் என்று அதற்குப் பெயர். அந்த ஒரு நகர்வு போதும், விலங்கின் சிறகுக்கு வேகம் வந்துவிடும்.

மோஷன் கிராஃபிக்ஸில் மங்கல் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிறது. அதனால் அதை அலங்காரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கணக்கு. மென்பொருள் ஒரு ஃபிரேமுக்குள் பல நுண்கணங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு கணத்திலும் பொருள் இருக்கும் இடத்தைக் கணித்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இயல்பாக 180 பாகை ஷட்டர் கோணமும் (ஃபிரேம் நேரத்தில் பாதி ஷட்டர் திறந்திருப்பதாகக் கொள்வது) ஒரு ஃபிரேமுக்கு 16 மாதிரிகளும் இருக்கும். வளைகோடு முழுவதும் கையில் இருப்பதால்தான் இது முடிகிறது: இடையில் எந்தப் புள்ளியைக் கேட்டாலும் அதற்கு விடை உண்டு. ஸ்டாப் மோஷன் படங்களுக்கு, எடுத்து முடித்த பிறகு மங்கல் சேர்க்கும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் அவை இரண்டு படங்களை ஒப்பிட்டு, இந்தப் புள்ளி அங்கே போயிருக்கலாம் என்று ஊகிக்கின்றன. என் கிளியின் அலகும் பழத்தின் விளிம்பும் குறுக்கிடும் இடத்தில் அந்த ஊகம் பிசகி, அலகு மெழுகாய் உருகிப் பழத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த மங்கலை எடுத்துவிட்டேன். தாவல் தாவலாகவே இருக்கட்டும் என்று விட்டதில் எனக்கு வருத்தமில்லை. உணவுப் பொருளுக்கு அந்தக் கூர்மை பொருந்துகிறது.

ஒளிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. படங்களை முதன்முறை ஓட்டிப் பார்த்த அக்கா, "ஏன் தம்பி, பழம் நின்னப்புறமும் துடிச்சிட்டே இருக்குது?" என்று கேட்டார். தொழிலில் இதை ஃபிளிக்கர் என்பார்கள். துடிப்பு என்பது அதைவிட நல்ல சொல். அதற்குக் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. இப்போதைய கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் துளை மின்னணு முறையில் மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் முடியளவு மாறி நிற்கிறது. தனிப் படத்தில் தெரியாத அந்த முடியளவு, 12 படங்கள் ஒரு நொடியில் ஓடும்போது வெளிச்சம் விட்டுவிட்டு அடிப்பதாகத் தெரியும். துளையைக் கையால் வளையத்தைத் திருப்பி நிறுத்தும் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை, மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கிவந்து அடாப்டர் வழியாகப் பொருத்தியதும் துடிப்பில் பெரும்பகுதி அடங்கியது.

மீதிக்கு மின்சாரம் காரணம். நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் நேரம் குறுகியதாக இருந்தால் அந்த அலையின் உச்சியை ஒரு படமும் பள்ளத்தை இன்னொரு படமும் பிடிக்கும். துளையைச் சிறிதாக்கி, ஒரு படத்துக்கு அரை நொடி திறந்து வைத்தபோது 50 அலைகள் ஒரே படத்துக்குள் கலந்து சராசரியாகிவிட்டன. ஆனால் மாலையில் சுற்றிலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜே இறங்கிவிடும். அதற்குச் சராசரி உதவாது. பேட்டரியில் எரியும் எல்இடி பலகை ஒன்றுக்கு மாறினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். இவ்வளவுக்குப் பிறகும் சில படங்களில் பழத்தின் பளபளப்பில் ஒரு சிவப்பு நிழல் வந்து வந்து போனது. கேமராவில் தேடி, விளக்கில் தேடி, கடைசியில் அது என் சட்டை என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நான் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கிறேன். இத்தொழிலில் இருப்பவர்கள் கறுப்பு உடுத்திக்கொண்டு வேலை செய்வது ஏன் என்பது அப்போது விளங்கியது.

மோஷன் கிராஃபிக்ஸில் ஒளி துடிப்பதில்லை. அங்கே நிறம் ஓர் எண், எண் தளர்வதில்லை. அதனால் அங்கே படத்தரக் குறைகளே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பின்னணியாக ஒரு மஞ்சளிலிருந்து இன்னொரு மஞ்சளுக்கு மெல்ல மாறும் நிறக்கலவை ஒன்றை வைத்திருந்தேன். கணினித் திரையில் அழகாக இருந்தது. கண்காட்சிக் கடையின் பெரிய தொலைக்காட்சியில் அது வயல் வரப்புகள்போல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. 8 பிட் அளவில் ஒரு நிறக்கூறுக்கு 256 படிகள்தான். நெருங்கிய இரண்டு மஞ்சள்களுக்கு நடுவே அவற்றில் இருபது முப்பது படிகள் மட்டுமே விழும். அவற்றை 1,920 புள்ளி அகலத்தில் பரப்பினால் ஒவ்வொரு படியும் ஒரு பட்டையாகிவிடும். 16 பிட்டில் வேலை செய்து, வெளியிடும்போது மெல்லிய இரைச்சல் (ஒழுங்கற்ற நுண்புள்ளிகள்) தூவினால் பட்டைகள் கலையும். அந்த இரைச்சலைத்தான் கேமரா தானாகவே தருகிறது. ஒரு முறையில் நான் மூன்று நாள் போராடி விரட்டிய ஒழுங்கின்மையை, இன்னொரு முறையில் வேண்டுமென்றே தூவ வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இது தலைகீழாகிறது. தட்டையான நிறங்கள் கொண்ட வரைபடம் சுருக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. விரிப்பின் நூலிழையும் பழத்தோலின் புள்ளிகளும் நிறைந்த புகைப்படம் குழைந்துவிடுகிறது.

பெரிதாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கணிதக் கோடுகளாக, வரைந்த பழத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. என் கேமராவின் படம் 6,000-க்கு 4,000 புள்ளிகள் என்பதால், முழு எச்டி காணொளிக்குள் மூன்று மடங்கு வரை நெருங்கிப் போக முடிந்தது. அதற்கு மேல் இல்லை.

திருத்தம் என்று வரும்போது இரண்டுக்கும் உள்ள தூரம் மிகக் கொடுமையாகத் தெரியும். வேலை முடிந்த பிறகு அக்கா இரண்டு மாற்றங்கள் சொன்னார். விலை பத்து ரூபாய் கூடியிருந்தது. பாட்டிலின் லேபிள் நிறம் மாறியிருந்தது. விலையை ஒரு நிமிடத்தில் மாற்றி மீண்டும் காணொளியாக ரெண்டர் கொடுத்தேன். லேபிளோ 38 புகைப்படங்களில் இருந்தது. அவற்றில் பாட்டில் அசையாமல் நின்ற படங்களில் ஒட்டுவேலை செய்ய முடிந்தது. அது சுழலும் எட்டுப் படங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பொருத்தினேன். மூடி துள்ளி எழும் இடத்தில் அதைத் தாங்கிய கம்பியை நீக்குவதற்கு, பொருளே இல்லாத வெறும் மேசையை முன்பே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். கம்பி இருந்த இடத்தில் அந்த வெறும் மேசையை நிரப்பினால் போதும். இந்த வேலைகள் எல்லாம் நடந்தது அதே ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்தான். பெரிய ஸ்டுடியோக்களிலும் எல்லை இப்படித்தான் கரைந்திருக்கிறது: 2009-இல் வந்த 'கோரலைன்' படத்துக்காக முகபாவங்களை முதலில் கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் எடுத்து, பொம்மைக்கு முகத்தை மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள்.

இந்த நெருக்கத்தைப் பார்த்துத்தான், மோஷன் கிராஃபிக்ஸையே ஸ்டாப் மோஷன்போல் காட்டும் பாணி இப்போது பரவியிருக்கிறது. காகித அமைப்பை ஒட்டுவார்கள், ஒரு நொடிக்கு 12 ஃபிரேம் என்று நிறுத்துவார்கள், எல்லாவற்றுக்கும் சிறு நடுக்கம் கொடுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன், எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. கணினி தரும் நடுக்கம் ஒரு நடு இடத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். எவ்வளவு விலகினாலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். கையின் பிழை அப்படி இல்லை. ஏழாவது படத்தில் பழத்தை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகர்த்திவிட்டால், எட்டாவது படம் அந்தப் பிழையிலிருந்துதான் தொடங்குகிறது. ஒன்பதாவதில் நான் அதை உணர்ந்து சற்றுக் குறைக்கிறேன். பத்தாவதில் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டதைக் காண்கிறேன். பிழை சேர்கிறது, நகர்கிறது, திருத்தப்படுகிறது. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்றில் யாரோ கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பதும், மற்றொன்றில் யாருமில்லை என்பதும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. 1933-இன் 'கிங் காங்' படத்தில் குரங்கின் ரோமம் படத்துக்குப் படம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அது பொம்மையைப் பிடித்து நகர்த்திய விரல்களின் தடம். இன்று பார்த்தாலும் அந்தச் சிலிர்ப்பைக் குரங்கின் கோபமாகவே கண் எடுத்துக்கொள்கிறது.

கடைசியாகத் தமிழ் எழுத்து. விளம்பரத்தின் நடுவில் "தோட்டத்திலிருந்து நேராக" என்ற சொற்கள் எழுத்தெழுத்தாக வந்து சேர வேண்டும் என்பது திட்டம். ஆங்கில எழுத்துகளுக்கு இது ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு நிமிட வேலை. தமிழில் முதல் எழுத்திலேயே இடறியது. 'தோ' என்பது யூனிகோடில் இரண்டு குறிகள்: முதலில் 'த', பின்னர் ஓகாரக் குறி. ஆனால் கண்ணுக்கு அது மூன்று வடிவங்கள்: இடப்புறம் இரட்டைக்கொம்பு, நடுவில் தகரம், வலப்புறம் கால். எழுதும் வரிசையும் தோன்றும் வரிசையும் வேறு வேறு. நான் வைத்திருந்த பழைய பதிப்பு இந்தச் சேர்க்கையை அறியாததால் கொம்பு இடம் மாறி நின்றது. அச்சகக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் பாமினி எழுத்துருவுக்கு மாறினேன். அதில் கொம்பு, தகரம், கால் மூன்றும் தனித்தனி எழுத்துகள். தோற்றம் சரியாகிவிட்டது. அசைவு கொடுத்ததும் முதலில் ஒரு கொம்பு மட்டும் பறந்து வந்து தனியே நின்றது, பின்னால் தகரம் வந்தது, அதன் பின்னால் கால் வந்தது. 'ட்'-இன் புள்ளி எல்லாரையும்விடத் தாமதமாக வந்து தலையில் உட்கார்ந்தது. புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. என்னிடம் அது இல்லை. சொற்களை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, வெளிக்கோடுகளாக மாற்றி, எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்து ஓர் எழுத்து என்று கையால் தொகுத்துக் கொண்டுவந்த பிறகுதான் 'தோ' முழுதாக நடந்தது. எழுத்து இப்போது எழுத்தாக இல்லை, வடிவமாகிவிட்டது; ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும். மோஷன் கிராஃபிக்ஸின் பெரும்பலம் என்று மேலே சொன்ன திருத்தும் வசதி, தமிழில் இந்த இடத்தில் பாதி கைவிட்டுப் போகிறது.

ஸ்டாப் மோஷன் பகுதியின் முடிவில் இதே சொற்களை மஞ்சள் அட்டையில் வெட்டி மேசையில் நகர்த்தினேன். கொம்பையும் தகரத்தையும் காலையும் ஒரே அட்டையில் சேர்த்து வெட்டினால் அது ஓர் எழுத்து. எந்த மென்பொருளும் அதைப் பிரிக்காது. புள்ளியை மட்டும் தனியாக வெட்டி, கடைசியில் கிளி தன் அலகால் தூக்கிவந்து 'ட்'-இன் மேல் வைப்பதாகச் செய்தேன். மொத்த விளம்பரத்திலும் எனக்கு முழு மனநிறைவு தந்த ஒன்றரை நொடி அதுதான்.

இந்த ஆண்டும் அக்கா அழைத்திருந்தார். விலையும் பெயர்ப்பலகையும் மாறியிருக்கின்றன. அந்த 18 நொடியை அரை மணி நேரத்தில் புதுப்பித்து அனுப்பிவிட்டேன். செந்தூராவுக்குப் பதிலாக இம்முறை பெங்களூரா பழத்தைக் காட்ட வேண்டும் என்கிறார், கூழுக்கு அதுதான் அவரிடம் அதிகம் இருக்கிறதாம். மேசையில் பென்சில் புள்ளிகள் அழியாமல் இருக்கின்றன. ஆனால் பெங்களூராவுக்கு உடல் நீளம், நுனியில் கிளிமூக்கு வேறு. நேற்று ஒன்றை வாங்கி உருட்டிப் பார்த்தேன், அது நேராகப் போகவில்லை.